இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க

தென்காசியில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற குற்றாலிங்கம் அண்ணனும் அவர் மனைவி ஆவுடை மதினியும், ஒரு பழைய பள்ளிக்கூட வேனுக்குள் கட்டிலும் காஸ் அடுப்பும் கை கழுவத் தொட்டியும் திரைக்குப் பின்னால் ஒரு கக்கூசும் வைத்து, சொந்தக்காரர் வீடுகளுக்கும் சிநேகிதர் வீடுகளுக்கும் ஊர் ஊராகப் போய் வாசலில் வண்டியை நிறுத்தி அதிலேயே தங்கிக்கொள்வது என்று கிளம்பிய வருஷத்தில்தான், வாய்க்கு வந்ததை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் வந்தது. அதற்கு முன்னால் நாங்கள் மிகவும் இனிமையான மனிதர்களாக இருந்தோம்.

வேனை ஓட்டியது மதினி. அண்ணன் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். "நான் ஓட்டுறவன் இல்லளா, அனுப்பி வைக்கிறவன்" என்று சொல்லிவிட்டார். காலமெல்லாம் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டியவர் என்பதால், வேனிலும் கடைசி ஜன்னலோரம் பின்பக்கம் பார்த்தபடி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற ஊரைப் பார்க்காமல் விட்டு வந்த ஊரையே பார்த்துக்கொண்டு பயணம் செய்தார். மதினி சாவியைத் திருகினால் மட்டும் போதாது. அவர் விசில் ஊதி, பின் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பச்சைக் கொடியை ஆட்டினால்தான் வண்டி கிளம்பலாம். அந்தக் கொடியை மதினி ஒருமுறை அவசரத்தில் கரித்துணி என்று நினைத்துச் சூடான ரசச் சட்டியைப் பிடித்து இறக்கிவிட்டாள், அதற்காக அவர் பேசாமல் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பொங்கலையே பாழாக்கினார். அவர் சர்வீஸில் ஒரு ரயிலும் அவரால் தாமதமானது கிடையாது, அதை அவர் நம்மிடம் சொல்லாமல் விட்ட நாளும் கிடையாது.

வேன் வாங்கியதற்குக் காரணம் அவர்கள் மகள். ஒரே மகள், மங்கையர்க்கரசி, வீட்டில் அரசி. ஓசூரில் ஒரு பம்பு செட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. தேறும், தேறாது என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கக் காலம் தள்ளும் உத்தியோகம் என்பதாலோ என்னவோ, அவள் தேவைக்கு மேல் பேசமாட்டாள். "சாம்பார் எப்படிளா இருக்கு?" என்று கேட்டால் மற்றப் பெண்கள் அம்மாவின் கையைப் புகழ்வார்கள், அவள் "உப்பு கூட" என்பாள். போன தை மாதம் அண்ணனும் மதினியும் அவள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். லிஃப்ட் வாசலில், இரண்டு கையிலும் பையோடு, மதினி காத்துக்கொண்டு நின்றாள்.

எதற்குக் காத்து நின்றாள் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி பையைத் தூக்கினால், அதுக்குள்ளயா, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். இல்ல, வேலை கிடக்கு என்று விருந்தாளி சொல்ல வேண்டும். அப்படி என்ன தலைபோற வேலை என்று இவர் கேட்க, இன்னொரு நாளைக்கு வாரோம் என்று அவர் சொல்ல, இப்படியே வாசல்படியில் ஒரு முறை, கேட்டருகில் ஒரு முறை, தெருமுனையில் ஒரு முறை சொல்லி முடித்த பிறகுதான் விருந்தாளி போகலாம். விருந்தாளி நிஜமாகவே தங்கிவிடுவார் என்று யாரும் பயந்ததில்லை, வீட்டுக்காரர் நிஜமாகவே கூப்பிடுகிறார் என்று யாரும் நம்பியதுமில்லை. இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட்டால் அது ஒரு வெட்டுக்குத்து மாதிரி.

அரசி சொன்னது இவ்வளவுதான்: "சரிம்மா. பாத்துப் போங்க."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. தென்காசி வரும்வரை மதினி ஆறவில்லை.

"கவனிச்சீங்களா? ஒரு வார்த்தை சொன்னாளா?"

"பாத்துப் போங்கன்னு சொன்னாளே" என்றார் அண்ணன்.

"அது டிரைவர்கிட்டச் சொல்லுத வார்த்தை. பெத்தவகிட்டச் சொல்லுத வார்த்தையா?"

அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இனிமேல் யார் வீட்டு மெத்தையும் வேண்டாம், யார் வீட்டுக் குக்கரும் வேண்டாம், நம் கூட்டை நாமே கொண்டுபோவோம், வாசலில் நிற்போம், கிளம்பச் சொல்லும் முன்னால் கிளம்புவோம் என்று சபதம் செய்தாள். போக வேண்டிய வீடுகளை வரிசைப்படுத்தியபோது ஓசூரைக் கடைசியில் வைத்தாள். கோபத்தில்தான் வைத்தாள் என்று எல்லோரும் நினைத்தோம். பயத்தில் வைத்தாள் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

முதல் வீடு சங்கரன்கோவில், மதினியின் தம்பி வீடு. ஒரு நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது தம்பி பெண்டாட்டி வள்ளியம்மை ஒரு கையைக் கதவிலும் ஒரு காதை உள்ளே கூவுகிற குக்கரிலும் வைத்தபடி, "அதுக்குள்ளயா மதினி? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்றாள். "இல்லளா, வேலை கிடக்கு" என்றாள் மதினி. குங்குமம் வாங்கி, பூ வாங்கி, வாசலில் சொல்லி, கேட்டில் சொல்லி, வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள். அண்ணன் விசில் ஊதினார், பச்சைக் கொடி காட்டினார். வேன் நகரவில்லை.

இன்ஜின் நன்றாக ஓடியது. கியர் நன்றாக விழுந்தது. சக்கரம் மட்டும், தரையோடு சேர்த்து வார்த்தது போல, அப்படியே நின்றது. தெருவே வந்து தள்ளியது, பருத்தி லாரி ஒன்று சங்கிலி போட்டு இழுத்தது, சங்கிலி அறுந்தது, வேனின் முன்பக்கம் வைத்திருந்த காபி டம்ளர்கூடச் சிந்தவில்லை. மெக்கானிக் வந்து அடியில் படுத்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஒரு குத்தமும் இல்லக்கா. அதுக்குப் போக மனசு இல்ல" என்றார். அவர் அதை ரேடியேட்டரில் ஓட்டை என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னதால் எல்லோரும் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வள்ளியம்மை முதல் நாள் பாயசம் வைத்தாள். இரண்டாம் நாள் தயிர்சாதம் வைத்தாள். அவள் வாய்திறந்து சொன்னாளே, அதே காலை வேளை மறுபடி வந்து இரண்டு நாள் முடிந்த நிமிஷத்தில், யாரும் உள்ளே இல்லாதபோதே வேன் ஒரு செருமல் செருமி, ஓரடி முன்னால் நகர்ந்து, நல்ல பிள்ளையாக நின்றது.

அடுத்தது விருதுநகர். அண்ணனோடு ஒரே ரயிலில் முன்கோடியில் இன்ஜின் டிரைவராக இருந்த செபாஸ்டின் வீடு. வாழ்நாளெல்லாம் ஒரே ரயிலின் இரண்டு கோடிகளில் இருந்ததால் இருவரும் பேசிக்கொள்ள முடியாமல் போன விஷயம் நிறைய இருந்தது. கிளம்பும்போது செபாஸ்டின் கண்கலங்கி, "என்ன குத்தாலம், ஒரு வாரம் இருந்துட்டுத்தான் போயேன்" என்றார். நின்றது வேன். மெக்கானிக், தள்ளல், சங்கிலி எல்லாம் முறைப்படி நடந்தது.

கண்டுபிடித்தது செபாஸ்டினின் மனைவி ரெஜினா. தொடர்ந்து நாலு நாள் மீன் குழம்பு வைத்த பெண்ணுக்குத்தான் அந்தப் புத்தி வரும். "அங்க ரெண்டு நாள்னு சொன்னாங்க, ரெண்டு நாள் நின்னுச்சு. இங்க இந்த மனுசன் ஒரு வாரம்னு சொன்னாரு. இன்னும் மூணு நாள் கிடக்கு, எல்லாரும் உக்காருங்க" என்றாள். அப்படியே ஆயிற்று. வாரம் முடிந்து வண்டி செருமியதும் ரெஜினா அதன் முன்னால் போய் நின்று, "ஒரே ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிப் பார்த்தாள். மதினி ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வேன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் புறப்பட்டது. ஏன் இப்படி என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. பள்ளிக்கூட வேன் அல்லவா, பெரியவர்கள் சொன்னால் கேட்டுப் பழகியிருக்கும் என்று செபாஸ்டின் சொன்னதே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் எங்கள் வீடுகளில் ஏற்பட்ட கலவரத்தைச் சொல்லி முடியாது. வேன் வரக்கூடிய ஊர்களில் எல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது, யார் சொல்வது என்று ஆலோசித்தார்கள். சொல்லாமல் விட்டால் ஊர் சிரிக்கும். சொன்னால் வேன் கேட்கும். கோவில்பட்டிச் சித்தப்பா திடீரென்று காசிக்குப் போய்விட்டார், பல் வலியோடு போனார். சாத்தூரில் ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது, வாசலில் நின்று கும்பிடு மட்டும் போட்டார்கள், வேன் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்சம் திணறிவிட்டுப் போனது.

அடுத்த வீடு மதுரை, அதாவது என் வீடு. குற்றாலிங்கம் அண்ணனின் சித்தி மகள் நான். நான் நன்றாக யோசித்து, சிரித்த முகத்தோடு, "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றேன். இதில் என்ன தப்பு? மரியாதையும் ஆயிற்று, அளவும் ஆயிற்று. அண்ணன் அந்தக் காபியை டம்ளருக்கும் டவராவுக்குமாக ஆற்றி ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை வேன் நின்றது, பிறகு போய்விட்டது. இன்றைக்கும் குழுவில் என்னைக் காபிக்காரி என்றுதான் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் ஒரு வாய் தண்ணீருக்குக்கூடக் கூப்பிட்டவர்கள் இல்லை.

அடுத்து திண்டுக்கல்லில் மதினியின் பெரியப்பா மகன் ஆறுமுகநயினார். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், மைக்கைக் கண்டால் விடாதவர். வேன் மண்டபத்து வாசலுக்குள் பின்பக்கமாகப் பாதி நுழைந்து நின்றிருந்தது. உள்ளே யாரோ வீட்டுக் கல்யாணம். மறுநாள் காலை மதினி சொல்லிக்கொண்டு கிளம்ப வந்தபோது அவர் கையில் மைக் இருந்தது, எதிரில் ஒரு மண்டபம் நிறையக் கூட்டம் இருந்தது, யாரோ ஒரு இன்ஜின் டிரைவர் ஒரு வாரம் சொன்னது மனதில் குத்திக்கொண்டிருந்தது. "கூட வேலை பார்த்தவனே ஒரு வாரம்னா, பெரியப்பா மகன் நான் என்ன சும்மாவா? தங்கச்சி, ஒரு மாசம் இருந்துட்டுத்தான் போகணும்" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். கூட்டம் கைதட்டியது. கைதட்டி முடிந்த அமைதியில், தான் என்ன சொன்னோம் என்பதும், வேன் எங்கே நிற்கிறது என்பதும், அன்று ஆவணி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது என்பதும் வரிசையாக நயினார் அண்ணனுக்கு நினைவு வந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு வேன். இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் மண்டபம். வேனின் முன்கதவு தெருவில் திறந்தது, பின்கதவு மண்டபத்துக்குள் திறந்தது. சமையல்காரர்களும் சாம்பாரும் சுவர் ஏறிப் போகலாம், மாப்பிள்ளை சுவர் ஏறிப் போக முடியுமா? முதல் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் நாதஸ்வரத்தோடு வந்து நின்று, வேறு வழி இல்லாமல், வேனின் முன்கதவால் ஏறி, கட்டிலை ஒட்டி, அடுப்பை ஒட்டி, அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த மதினியிடம் "கொஞ்சம் நகருங்கம்மா" என்று சொல்லி, பின்கதவால் இறங்கி மண்டபத்துக்குள் போனது. மதினி, வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று மாப்பிள்ளை கையில் ஒரு அப்பளத்தைக் கொடுத்தாள். பின் ஜன்னலில் இருந்த அண்ணன், வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, விசில் ஊதி, மாப்பிள்ளைக்குப் பச்சைக் கொடி காட்டினார்.

இரண்டாம் கல்யாணத்தில் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று நயினார் அண்ணன் ஒளிந்துகொண்டார். அவர்களோ, போன கல்யாணத்தில் மாப்பிள்ளை அப்பளத்தோடு வந்தாராமே, எங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை, என்றுதான் கேட்டார்கள். மூன்றாவது கல்யாணத்தில் ஐயரே, வேன் வழியாகப் போவது விசேஷம், பழைய வழக்கம்தான், நடுவில் விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டார். ஒரு மாப்பிள்ளை வீட்டில் கொடி காட்டும் நேரமும் நல்ல நேரமாக இருக்க வேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்தார்கள். பச்சைக் கொடி காட்டியும் உள்ளே போகத் தயங்கிய ஒரு மாப்பிள்ளைக்கு அண்ணன் சிவப்புக் கொடியையும் காட்டிவிட்டு, "யோசிச்சிட்டு வாங்க தம்பி, இங்க லேட் ஆனாலும் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அந்தத் தம்பி மதினியோடு உட்கார்ந்து இரண்டு அப்பளம் தின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கினான். அவனும் அவளும் நன்றாக இருக்கிறார்கள்.

அந்தத் தெருவே கொஞ்சம் மாறிப்போனது. தங்கச் சொல்கிற வார்த்தையை மட்டும்தான் வேன் கேட்கும் என்று எவ்வளவு சொன்னாலும், எதற்கு வம்பு என்று எல்லோரும் வாயை அடக்கிக்கொண்டார்கள். நாளைக்கு ரெடி ஆயிடும் என்று நாள்தோறும் சொல்லிவந்த தையல்காரர் வேன் இருக்கும் பக்கம் திரும்பாமல் சந்து வழியாகச் சுற்றிப் போனார். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கா என்று கைபேசியில் பேசிக்கொண்டு வந்த இளைஞன் வேன் அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டான். ஓட்டுக் கேட்டு வந்த ஆட்டோ அந்தத் தெருவில் மட்டும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுப் போனது. மண்டபத்துக்கு மொய் வைக்க வந்த கூட்டமே, வாங்க என்றால் வாங்க, சரி என்றால் சரி என்று, குழவிக்கல் மாதிரி இருந்தது. அண்ணனும் மதினியும் போனபின் நயினார் அண்ணன் ஒரு பழைய வேனை விலைக்கு வாங்கி அதே வாசலில் நிறுத்த வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் யாரும் மண்டபம் எடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

ஆனால் மதினிக்கு அந்த மாதம் முழுக்க நெஞ்சில் நெருப்பு. வரிசையில் மிச்சம் இருந்தது ஓசூர் ஒன்றுதான். முன்பாவது லிஃப்ட் வாசலில் நடந்தது அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த அவமானம். இப்போது குடும்பக் குழு மொத்தமும் கண்ணை விரித்துக்கொண்டு காத்திருந்தது. அரசி என்ன சொல்வாள்? எத்தனை நாள் சொல்வாள்? சொல்லுவாளா? யார் யார் வீட்டு வாசலிலோ அசையாமல் நின்ற வண்டி, பெற்ற மகள் வீட்டு வாசலில் சாவியைத் திருகியதும் பொசுக்கென்று கிளம்பிவிட்டால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மாதம் முடிகிற நாளில் மதினி நயினார் அண்ணனிடம் போய், "இன்னொரு மாசம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினாள். அவர் வாயைத் திறக்காமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

ஓசூரில் அரசியின் அடுக்குமாடிக் குடியிருப்பில், விருந்தாளிகள் வண்டி நிறுத்தும் இடத்தில் வேன் போய் நின்றது. மாப்பிள்ளை நெல்லையப்பன் ஓடிவந்து, வாய்நிறையச் சிரித்து, "வாங்க மாமா, வாங்க அத்தை, இந்தத் தடவையாவது நிறைய நாள்..." என்று தொடங்கியதும் மதினி, "நீங்க சும்மா இருங்க மாப்ள" என்று அவர் வாயைக் கிட்டத்தட்டப் பொத்திவிட்டாள். காவலாளி மாதப்பா வந்து கும்பிட்டபோது அவரிடமும், எதைச் சொன்னாலும் போகும்போது தங்கச் சொல்லும் வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லிவைத்தாள். மகள் வாயிலிருந்து வர வேண்டும், இல்லை வராமல் போக வேண்டும். வேறு யார் வாயிலிருந்து வந்தும் அவளுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

மூன்று நாள் இருந்தார்கள். மதினி மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைப் பார்த்ததால் கையைப் பார்க்கவில்லை. வேனில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒழுகாமல் நின்றது, ஓசூர்க் குளிருக்குக் கட்டிலின் மேல் இரண்டு கம்பளி வந்தது, ஏறும் படியில் மதினியின் முழங்காலுக்கு ஏற்ற உயரத்தில் இன்னொரு படி முளைத்தது, காஸ் குழாயைப் புதிதாக மாற்றித் தேதி எழுதி ஒட்டியிருந்தது. எல்லாம் தானாக நடந்தது போல மதினி நடந்துகொண்டாள். "சாம்பார் எப்படிளா இருக்கு?" என்று மட்டும் மூன்று நாளும் கேட்டாள். "உப்பு கூட" என்று மூன்று நாளும் பதில் வந்தது. அதே சாம்பாரை மகள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதையும் மதினி பார்க்கவில்லை.

நாலாம் நாள் காலை. கீழே எல்லோரும் கூடியாயிற்று. நெல்லையப்பன் கைபேசியில் வீடியோ போட்டிருந்தார். இந்தப் பக்கம் சங்கரன்கோவில் வள்ளியம்மை, விருதுநகர் செபாஸ்டின், ரெஜினா, குரல் திரும்பிய நயினார் அண்ணன், காசியிலிருந்து சித்தப்பா, மதுரையில் குக்கரை அணைத்துவிட்டு உட்கார்ந்த நான் என்று சொந்தபந்தம் மொத்தமும் சின்னச் சின்னக் கட்டங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

மதினி வேனின் படியில் நின்றாள். பையே தேவையில்லை என்றாலும் கையில் ஒரு பையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நாங்க வாரோம்" என்றாள்.

அரசி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் உதடு ஒருமுறை அசைந்ததை நான் என் கட்டத்திலிருந்தே பார்த்தேன்.

"சரிம்மா. பாத்துப் போங்க."

மதினியின் முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, சத்தியமாகப் பிடிக்கவில்லை, எழுந்துபோய் அடுப்பை மறுபடி பற்றவைக்கலாமா என்று நினைத்தேன். அவள் ஏறி, சேலையைச் சரிசெய்து, சாவியைத் திருகினாள். பின்னால் விசில் கேட்டது. பச்சைக் கொடி ஆடியது.

வேன் நகரவில்லை.

மதினி மறுபடி திருகினாள். அண்ணன் மறுபடி ஊதினார். இன்ஜின் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது, சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. மதினி இறங்கி வந்து, "மாப்ள, நீங்களா?" என்றாள். நெல்லையப்பன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மாதப்பா தன் கன்னடம் கலந்த தமிழில், "நான் ஒண்ணும் மாத்தாடலைங்க, பேசவே இல்லைங்க, முனேஸ்வரன் மேல ஆணை" என்றார். அடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டங்களுக்குள்ளிருந்து நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நான் இல்லை, நான் இல்லை என்று கத்தினோம், அதில் என் குரல்தான் அதிகமாகக் கேட்டது என்று பின்னால் சொன்னார்கள்.

அரசி மட்டும் வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி" என்றாள் மதினி.

"நான்தான்ம்மா."

"நீ எப்பச் சொன்ன? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்?"

"காலைல. டயருக்குக் காத்து பாக்கும்போது. வண்டிகிட்டச் சொன்னேன்."

மதினிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "என்கிட்டச் சொல்லுததுக்கு என்னட்டி? நான் என்ன வேத்து மனுசியா?"

அரசி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "சின்னப் பிள்ளைல ஒரு தடவை சொன்னேன்ம்மா. ஸ்டேஷன்ல. எனக்குக் காய்ச்சல். அப்பா டூட்டிக்குப் போயிட்டிருந்தாங்க. போகாதீங்கப்பா, என் கூட இருங்கன்னு சட்டையைப் பிடிச்சிட்டு அழுதேன். அப்பா விசில் ஊதிட்டாங்க. ரயில் போயிருச்சு. போற வண்டிகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு அப்புறம் நான் யார்கிட்டயும் சொல்லல." துப்பட்டாவை மடித்துப் பிடித்துக்கொண்டு, "இந்த வண்டி சொன்னாக் கேக்கும்னு குரூப்ல போட்டிருந்தீங்க. அதான்" என்றாள்.

வேனின் பின் ஜன்னலில் பச்சைக் கொடி பாதி தூக்கியபடி நின்றிருந்தது. பிறகு மெல்ல உள்ளே போனது.

மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைக் கண்டிப்பாக்கிக்கொண்டு, "சரி, எத்தனை நாள்னு சொன்ன?" என்று கேட்டாள்.

தரம் பார்க்கும் உத்தியோகத்தில் ஒரு அளவையும் மறக்காத பெண், அப்போதுதான் யோசித்தாள். முகம் மாறியது. "நாள் சொல்லலையேம்மா" என்றாள். "இருந்துட்டுப் போங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

கட்டங்களில் முதலில் சிரித்தது ரெஜினா. அப்புறம் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. நயினார் அண்ணன் மட்டும் மைக் இல்லாமலே, அப்படின்னா இது என் ஒரு மாசத்தைவிட அதிகமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேன் இன்னும் அங்கேதான் நிற்கிறது. குடியிருப்போர் சங்கம் கூடி, விருந்தாளி வண்டி ஒரு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியைப் பார்த்து, வண்டியையும் பார்த்து, இது விருந்தாளி இல்லை என்று முடிவு செய்து அதற்கு ஒரு கதவு எண் கொடுத்துவிட்டது. பள்ளிக்கூட வேன் என்று நினைத்து அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் காலையில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன, மதினி ஆளுக்கு ஒரு அப்பளம் கொடுத்து இறக்கிவிடுகிறாள். அரசி வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் போகாமல் முதலில் வேனில்தான் ஏறுகிறாள், அந்தப் புதுப்படியில் கால் வைத்து.

வண்டி நின்ற அன்றைக்கே மத்தியானம், அடுப்பில் ரசம் நுரைகட்டிவிட்டது. மதினி கரித்துணியைத் தேடினாள், காணவில்லை. "அரசி, அந்தத் துணி எங்கட்டி?" என்று கத்தினாள். பின் ஜன்னலோரத்து நாற்காலியை முதன்முறையாக முன்பக்கம் திருப்பிப் போட்டு, மகள் தட்டு கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்தார். பச்சைக் கொடியைக் கம்பிலிருந்து உருவி, நாலாக மடித்து, மதினியின் கையில் கொடுத்தார்.

"சூடு பாத்துப் பிடி" என்றார். மதினி சட்டியை இறக்கினாள். அரசி ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்து, உப்பு கூட என்றாள்.